தொண்ணூறு நிமிட வட்டத்துக்கு வெளியே

இங்கிலாந்தில் 1990களின் இறுதியிலிருந்து 2012 வரை ஒரு விதி இருந்தது. தொழில்முறைக் கால்பந்து கிளப் ஒன்று தன் சிறுவர் அணிக்கு ஆள் சேர்த்தால், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பையனின் வீடு பயிற்சி மைதானத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும். பதினாறுக்கு உட்பட்டவன் என்றால் ஒன்றரை மணி நேரம். 2012இல் பிரீமியர் லீக் கொண்டுவந்த புதிய திட்டம் முதல் தர அகாடமிகளுக்கு இந்த வேலியைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. பணமுள்ள கிளப்கள் நாடு முழுக்க வலை வீசலாம் என்றானது. அது சரியா என்ற வழக்கு அங்கேயே நடக்கட்டும். நமக்கு அந்தப் பழைய விதி ஒரு நல்ல அளவுகோல். சென்னை நேரு விளையாட்டரங்கத்தில் காம்பஸை ஊன்றி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். செங்கல்பட்டு உள்ளே வரும். ரோடு காலியாக இருந்தால் மதுராந்தகம் தொட்டும் தொடாமலும் வரும். ரயில் பாதையில் சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டிவனமும், 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விழுப்புரமும் வெளியேதான். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் கணிசமானவை இந்த ஊர்களின் வழியாகத்தான் ஓடுகின்றன. ஆனால் சாயங்காலம் பள்ளி விட்டு, ரயில் ஏறி, பயிற்சி முடித்து, இரவு சாப்பாட்டுக்கு வீடு திரும்ப எந்தப் பையனாலும் முடியாது. மின்சார ரயில்களில் பெரும்பாலானவை செங்கல்பட்டைத் தாண்டுவதில்லை. சென்னைக் கால்பந்தும் ஏறக்குறைய அங்கேயே திரும்பிவிடுகிறது.

வட்டத்துக்கு வெளியே இருக்கும் இத்தகைய ஊர்களுக்குத் தொழில்முறை கிளப் ஒன்றின் இளையோர் அணியால் என்ன பயன்? வழக்கமான பதில், திறமையுள்ள பையனைக் கண்டுபிடித்துச் சென்னைக்கு அழைத்துப்போவது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அது மிகச் சிறிய பயன் என்பதும், கிளப் இங்கே தர வேண்டியது மேட்ச்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கிளப்பின் நிலையை நியாயமாகப் பார்ப்போம். சென்னையின் எஃப்சி 2014இல் தொடங்கியது. 2015இலும் 2017–18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்றது. இப்படியொரு கிளப் உரிமம் பெற வேண்டுமானால் வயது வாரியாக இளையோர் அணிகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஆசியக் கூட்டமைப்பின் நிபந்தனை. அந்த அணிகள் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வயதுப்பிரிவு லீக்குகளிலும், 2022இல் தொடங்கிய ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக்கிலும் ஆடுகின்றன. ஒரு வயதுப் பிரிவுக்கு முப்பது பையன்கள் போதும். அவர்கள் வாரத்தில் பல நாள் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். அப்படியானால் அந்த முப்பது பேரில் பெரும்பாலோர் வியாசர்பாடியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும்தான் வருவார்கள். இதில் யாருடைய சதியும் இல்லை. பஸ் டைமிங் அப்படி. உரிம நிபந்தனை கிளப்பிடம் கேட்பது ஓர் அணி. மாவட்டம் ஒன்றின் கால்பந்தை வளர்க்கச் சொல்லி எந்த உரிமப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

ஆகவே வெளியூருக்குக் கிளப்போ அகாடமியோ வரும்போது ‘செலக்‌ஷன்’ என்ற உருவத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் எந்த ஊரில் நடந்தாலும் இதன் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். காலை ஆறரைக்கே கிரவுண்டில் கூட்டம். ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், இரண்டு போட்டோ. நெஞ்சில் பேப்பர் நம்பர் குத்தி, பத்துப் பேராகப் பிரித்து, கூம்பு வைத்து ஓடவிட்டு, பிறகு பதினைந்து நிமிட ஆட்டம். பாதிப் பேருக்கு ஸ்டட் வைத்த ஷூ இருக்காது. ஒருவனுடையதை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். ஒன்பது மணி வெயிலில் இரண்டாவது பேட்ச் ஆடும்போது முதல் பேட்ச் ஆடியதைவிட மூச்சு வாங்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பந்து ஒருவன் காலுக்கு நான்கைந்து முறை வரலாம். கோச் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் கண்ணில் படுவது உயரமும் வேகமும்தான். பதின்மூன்று வயதில் உயரமும் வேகமும் பெரும்பாலும் திறமையின் அடையாளமல்ல, சீக்கிரம் வளர்ந்துவிட்டதன் அடையாளம். ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பையன்களுக்கு இடையே அந்த வயதில் உடல் வளர்ச்சியில் இரண்டு மூன்று வருட வித்தியாசம் இருப்பது சாதாரணம். மதிய உணவை நம்பி வளரும் பிள்ளைகள் அதிகமுள்ள மாவட்டத்தில் தாமதமாக வளர்பவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே நியாயம். வயதைக் குறைத்துக் காட்டுபவர்களைப் பிடிக்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கும் முறையைச் சம்மேளனம் வைத்திருக்கிறது. எலும்பு இன்னும் வளராததால் தவறவிடப்படும் பையனைக் கண்டுபிடிக்க அந்த எக்ஸ்ரேயை இங்கே யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

செலக்‌ஷனில் தோற்றவன் எங்கே போவான் என்பதுதான் அடுத்த கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு. இந்தப் பகுதியில் கால்பந்து பிழைத்திருப்பதே பள்ளிகளில்தான். திண்டிவனத்தில் ஆற்காடு மிஷன் மரபில் வந்த வால்டர் ஸ்கடர் பள்ளியைப் போல, பழைய மிஷன் பள்ளிகளின் பெரிய மைதானங்கள் இந்த ஆட்டத்துக்குத் தமிழ்நாடெங்கும் இடம் கொடுத்திருக்கின்றன. ஆனால் பள்ளிப் போட்டியின் வடிவத்தைக் கவனியுங்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளில் கால்பந்து வழக்கமாக நாக்-அவுட். பதினாறு அணிகள் கொண்ட ஒரு நாக்-அவுட் போட்டியில் மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஒரு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகும், இன்னும் நான்கு அணிகள் இரண்டாவதோடு. அதாவது முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மேட்ச். அதே பதினாறு அணிகளை ஒரு சுற்று லீக்காக ஆடவிட்டால் ஆளுக்குப் பதினைந்து. ஜூனில் பந்தைத் தொட்டு ஆகஸ்டில் ஒரு காலைப்பொழுதில் தோற்றுப்போன பையனுக்கு, மறுபடி சீருடை போட்டுக் களம் இறங்க அடுத்த ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டும். பி.இ.டி. சார் எவ்வளவு உழைத்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. தவறிலிருந்து கற்றுக்கொள்ள, தவறு செய்தபின் இன்னொரு மேட்ச் வேண்டும்.

உண்மையில் இந்தப் பஞ்சம் வெளியூருக்கு மட்டும் உரியதல்ல. டெவலப்மென்ட் லீக்கின் முதல் பருவம் 2022 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கோவாவில் நடந்தது. எட்டு அணிகள், ஒரு சுற்று, ஆளுக்கு ஏழு ஆட்டங்கள், ஒரு மாதத்துக்குள் முடிந்தது. பிறகு மண்டலங்களாக விரிந்தது உண்மை. ஆனாலும் நாட்டின் பணக்கார கிளப்களின் இளையோருக்கே ஏழு ஆட்டங்கள் ஒரு பெரிய முன்னேற்றமாகக் கொண்டாடப்பட்டன என்பதைக் கவனத்தில் வைத்தால், திண்டிவனத்துப் பையனின் நிலை புரியும்.

மேட்ச்தான் ஆளை உருவாக்குகிறது, கிளப்பின் பெயர்ப்பலகை அல்ல என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய சாட்சி மணிப்பூர். 2017இல் நம் நாட்டில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்திய அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. மணிப்பூரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 28 லட்சம். கள்ளக்குறிச்சி பிரிந்தபின் எஞ்சியிருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் அதே கணக்கின்படி சுமார் 21 லட்சம் பேர். அந்த எட்டுப் பேரும் கால்பந்து கற்ற காலத்தில் மணிப்பூரிலிருந்து தேசிய லீக்கான ஐ-லீக்கின் முதல் பிரிவில் ஒரு கிளப்கூட இல்லை. மணிப்பூரின் நெரோக்கா கிளப் அந்தப் பிரிவுக்கு வந்ததே 2017–18இல்தான். அங்கே இருந்தவை லைகாய் எனப்படும் குடியிருப்புகளின் கிளப்களும், ஓயாத உள்ளூர்ப் போட்டிகளும், 2006 முதல் நடக்கும் மாநில லீக்கும். அவற்றில் ஆடித் தேறியவர்களைத்தான் அகாடமிகள் வந்து அழைத்துப்போயின. அகாடமி அறுவடை செய்கிறது. உழவும் விதைப்பும் அதற்கு முன்பே வேறு யாரோ செய்தவை.

மணிப்பூர் தூரம் என்றால், கடலூர் பக்கம். விழுப்புரத்திலிருந்து கடலூர் சுமார் 45 கிலோமீட்டர்; 1993இல் மாவட்டம் பிரியும்வரை இரண்டும் ஒரே தென்னார்க்காடு. தமிழ்நாட்டு மகளிர் கால்பந்தின் வரலாற்றை எழுதினால் அதில் பாதி கடலூர் மண்ணில் நடக்கும். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர். சந்தியா ரங்கநாதன் விழுப்புரத்துக்கு இன்னும் பக்கத்தில், பண்ருட்டிப் பகுதி. கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி 2017–18 இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றுவரை போய் ஆடியது. மறு பருவத்தில் மதுரையின் சேது எஃப்சி அந்த லீக்கையே வென்றது. 2018இல் தமிழ்நாடு மணிப்பூரை வீழ்த்தித் தேசிய மகளிர் சாம்பியன் ஆனது. 2023இல் மீண்டும் வென்றது. தமிழ்நாட்டு ஆண்கள் அணி, மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை இன்றுவரை வென்றதில்லை. இந்த மகளிர் வெற்றியை உருவாக்கியதில் ஐ.எஸ்.எல். கிளப் எதற்கும் பங்கில்லை. அரசு விடுதிகள், பள்ளி ஆசிரியர்கள், கைக்காசைப் போட்டு அணி நடத்தியவர்கள், போலீஸ் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆகியவையே இதைச் செய்தன. பெரிய கிளப்கள் மகளிர் அணியை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2023இல் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆண்கள் அணி பிளே-ஆஃப் ஆட்டத்திலிருந்து வெளிநடப்புச் செய்ததற்குச் சம்மேளனம் நான்கு கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கிளப் முதலில் நிறுத்திவைத்தது மகளிர் அணியை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கடலூர் உதாரணத்திலேயே விடுதி இருக்கிறதே. ஏழைப் பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடும் படுக்கையும் பயிற்சியும் ஓரிடத்தில் கிடைப்பதைத் தடுத்து, ஊரிலேயே இரு என்று சொல்வது யாருக்கு நல்லது? சிவகங்கை மாவட்டம் கண்டனூரின் சிவசக்தி நாராயணனையும் காட்டலாம். முன்னாள் இந்திய ஆட்டக்காரர் ராமன் விஜயனின் பயிற்சியில் வளர்ந்து, பெங்களூரு எஃப்சியின் இளையோர் அணிக்குப் போய், 2022–23 ஐ.எஸ்.எல். பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருதைப் பெற்றவர். ஊரை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. விடுதிக்கும் அகாடமிக்கும் நான் எதிரியல்ல. பதினாறு, பதினேழு வயதில், நூறு மேட்ச் ஆடிய காலோடு போகிறவனுக்கு அது ஏணி. பன்னிரண்டு வயதில், ஒரு நாள் செலக்‌ஷனில் எடுத்துக்கொண்டு போய், பதினைந்தில் ‘வளர்ச்சி போதவில்லை’ என்று பஸ் ஏற்றி அனுப்பப்படுகிறவனுக்கு அது வேறு. அவன் திரும்பி வரும்போது பள்ளி மாறியிருக்கும், பாடம் போயிருக்கும், ஆடுவதற்கு ஊரில் அணியும் இருக்காது. ஒருவன் தேறுகிறான் என்றால் எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்ற கணக்கை எந்த அகாடமியின் விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. கடலூரின் விடுதிகூட அதே மாவட்டத்துப் பிள்ளைகளை அதே மாவட்டத்தில் வைத்திருந்தது; சனிக்கிழமை அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகும் தூரம்.

இரண்டாவது மறுப்பு, கிளப் ஒரு வியாபாரம், 160 கிலோமீட்டர் தள்ளிச் செலவழிக்க அதற்கு என்ன தலையெழுத்து என்பது. இந்தக் கேள்வியை ஊரின் பக்கத்திலிருந்து திருப்பிக் கேட்க வேண்டும்: அந்த வியாபாரத்தின் ஆயுள் எவ்வளவு? பஞ்சாபின் ஜேசிடி 1996–97இல் நாட்டின் முதல் தேசிய லீக்கை வென்றது. 2011இல் அணியைக் கலைத்தது. நம் கோவையை இருப்பிடமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி எஃப்சி 2019 மார்ச்சில் ஐ-லீக் சாம்பியன். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. மூன்று வருடம் கழித்து ஐ-லீக் அட்டவணையில் அந்தப் பெயரே இல்லை. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டது; அதைத் தொடர்ந்து பெங்களூரு எஃப்சி முதல் அணியினரின் சம்பளத்தை நிறுத்தியது, இளையோர் அணிகள் தொடரும் என்று அறிவித்தது. மேலிருந்து வரும் பணத்தை நம்பி ஒரு மாவட்டம் தன் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கட்டமைத்தால், டெல்லியில் ஒப்பந்தம் ஒன்று காலாவதியாகும் நாளில் விழுப்புரத்தில் பந்து நின்றுபோகும். உள்ளூர் லீக்குக்கு இந்த ஆபத்து குறைவு. அதற்கு எட்டு அணி, இரண்டு நடுவர், சுண்ணாம்பு, இரண்டு ஜோடி வலை போதும்.

கிளப்புக்கும் லாபம் உண்டா என்றால், உண்டு. எல்லா கிளப்பும் தேடுவது நல்ல தகவல். பதினைந்து நிமிட செலக்‌ஷன் தரும் தகவலைவிட, ஒரு பையன் உள்ளூர் லீக்கின் பதினான்கு மேட்சில் எப்படி ஆடினான், தோற்றுக்கொண்டிருக்கும்போது எப்படி ஆடினான் என்பது எத்தனையோ மடங்கு நம்பகமானது. அதற்காகக் கிளப் கட்டிடம் கட்ட வேண்டியதில்லை. உள்ளூர்ப் பயிற்சியாளர் நான்கு பேரை உரிமப் படிப்புக்கு அனுப்பி, நடுவர் படியைக் கொடுத்து, பருவத்தின் முடிவில் தன் பதினைந்து வயது அணியைக் கூட்டிவந்து லீக்கின் தேர்ந்த அணியோடு இரண்டு ஆட்டம் ஆடவிட்டால் போதும். ஓர் உறைவிட அகாடமியில் சில பையன்களுக்கு ஆகும் வருடச் செலவுக்குள் இது அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன்.

ஊருக்கு வர வேண்டிய காசைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விற்கப்படும்போது, மாற்றுத்தொகையில் ஐந்து விழுக்காட்டை, அவரைப் பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயதுவரை பயிற்றுவித்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. பன்னிரண்டு முதல் பதினைந்து வரையிலான நான்கு பருவங்களுக்கு, பருவத்துக்குக் கால் விழுக்காடு. ஒரு கோடிக்கு விலைபோனால், அந்த நான்கு வருடம் வளர்த்த கிளப்புக்கு ஒரு லட்சம். தொகை பெரிதல்ல, அப்படிப்பட்ட விற்பனை நம் ஊரிலிருந்து நாளையே நடக்கப்போவதும் இல்லை. ஆனால் பதிவு இல்லாத அணிக்கு ஒரு பைசாவும் வராது. பள்ளி அணியில் ஆடியதும், தெரு கிளப் பெயரில் டோர்னமென்ட் ஆடியதும் சம்மேளனத்தின் பதிவேட்டில் ஏறாவிட்டால், அந்தப் பையன் பதினாறு வயதில் சென்னையில் பிறந்தவனாகவே கணக்கில் வருவான். மாவட்டக் கால்பந்துக் கழகம் இன்றே செய்யக்கூடிய, செலவு குறைந்த வேலை இந்தப் பதிவுதான்.

இங்கே கபடிக்கும் வாலிபாலுக்கும்தான் கூட்டம், கால்பந்துக்கு ஆள் ஏது என்பார்கள். கபடி எப்படி ஊன்றியது? ஊருக்கு ஓர் அணி, திருவிழாவுக்குத் திருவிழா போட்டி, தோற்றாலும் அடுத்த வாரம் பக்கத்து ஊரில் இன்னொரு போட்டி. கிளப் அகாடமி எதுவும் வந்து வளர்க்கவில்லை. அந்த உதாரணம் என் கட்சிக்குத்தான் சேரும்.

இப்போது காம்பஸை நேரு விளையாட்டரங்கத்திலிருந்து எடுத்து விழுப்புரம் ஜங்ஷனில் ஊன்றிப் பார்க்கலாம். திண்டிவனம், பண்ருட்டி, செஞ்சி, உளுந்தூர்பேட்டை, கடலூர், புதுச்சேரி எல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகின்றன. சென்னையின் வட்டத்துக்கு வெளியே கிடந்த ஊர், தன் வட்டத்துக்கு நடுவே இருக்கிறது. புதுச்சேரிக்குத் தனிச் சங்கம் என்பதால் பதிவில் சிக்கல் வரும். நட்பு ஆட்டங்களுக்கு அது தடையில்லை. காலமும் பார்த்தாக வேண்டும். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை; 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் பெய்தது. மார்ச்சில் பொதுத்தேர்வு. எஞ்சுவது ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய சுமார் பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள். எட்டு அணிகள் இரண்டு சுற்று ஆடினால் ஆளுக்குச் சரியாகப் பதினான்கு மேட்ச். இன்று நாக்-அவுட்டில் முதல் நாளே தோற்றவனுக்குக் கிடைப்பது ஒன்று.

அடுத்த முறை எந்த கிளப்பாவது செலக்‌ஷன் நோட்டீஸோடு இந்த ஊர்களுக்கு வந்தால், எத்தனை பேரை எடுப்பீர்கள் என்று கேட்க வேண்டாம். எடுக்காத பையனுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை யாரோடு மேட்ச் என்று கேளுங்கள்.